மலை இருவாட்சியும் பொந்து மரமும்

நம் நாட்டில் ஒன்பது வகை இருவாட்சிகள் உள்ளன. தக்காணப் பீடபூமியில் சாலையோர ஆலமரங்களில் அத்திப்பழம் தேடி வரும் சாம்பல் இருவாட்சியைப் பலர் அறிந்திருப்பர். இங்குக் கூறப்படுவது அதனினும் மிகப் பெரியதாகிய மலை இருவாட்சி. இது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும், இமயமலை அடிவாரத்திலும், வடகிழக்கு மாநிலங்களிலும் வாழ்கின்றது. இதன் நீளம் சுமார் 1 மீட்டர். பறக்கும்பொழுது சிறகுகளினின்று எழும் ஓசை புகைவண்டி எஞ்சின் மூச்சுவிடுவது போன்றிருப்பதால், காட்டில் இதனைக் கண் காணுமுன் காது அறியும். அலகின்மேலுள்ள பெரிய கொண்டை பாரமாகத் தோன்றினும் உள்ளே பெரும்பாலும் வெற்றிடமே. ஆணின் விழி சிவப்பு. பெண்ணின் விழி வெண்மை.

இப்பறவையின் இல்வாழ்க்கையே விந்தையானது. பெண் பறவை மரப்பொந்தினுள் புகுந்து, தன் எச்சத்தையும் பிறவற்றையும் குழைத்து வாயிலைப் பூசிவிடுகின்றது. அலகு நுழையத்தக்க பிளவு ஒன்றே எஞ்சும். உள்ளே 1 அல்லது 2 முட்டைகள் இட்டுச் சுமார் 40 நாட்கள் அடைகாக்கின்றது. அக்காலத்தில் அதன் சிறகிறகுகளும் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. ஆதலின் வெளிவந்தாலும் பறத்தல் அரிது. ஆண் பறவை பழங்களை விழுங்கிச் சேர்த்து வந்து, ஒவ்வொன்றாகக் கக்கிப் பிளவின் வழியே ஊட்டுகின்றது. அவ்வாண் சுடப்படின் உள்ளிருப்பவற்றின் கதி யாதென விளக்க வேண்டுவதில்லை. குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் தாய் வாயிலை உடைத்து வெளிவரும். குஞ்சோ மீண்டும் அதனை அடைத்துக்கொள்ளும்.

மரங்கொத்தியைப் போல் பொந்து குடையும் ஆற்றல் இருவாட்சிக்கு இல்லை. கிளை முறிந்து உளுத்துத் தானாக அமைந்த பொந்தே வேண்டும். அதுவும் இத்துணைப் பெரும் பறவையைக் கொள்ளும் முதுமரத்தில் வேண்டும். பழுதுற்ற மரமென்று முதலில் வெட்டப்படுவதும் அத்தகைய மரமே என்பது வருந்தத்தக்கது. ஆனைமலையின் வால்பாறைப் பீடபூமியில் 1890-களிலிருந்து தேயிலைக்காகவும் காப்பிக்காகவும் காடு அழிக்கப்பட்டது. எஞ்சிய சோலைத் துண்டுகளுக்கிடையே இருவாட்சிகள் இன்றும் தோட்டங்களைக் கடந்து செல்கின்றன. காட்டு ஜாதிக்காய், கருங்குங்கிலியம் முதலிய மரங்களின் பெருவிதைகள் சேதமின்றி இவற்றால் பரவுகின்றன.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவையைக் காக்கின்றது. கேரளத்தின் வாழச்சால் காட்டில், முன்பு குஞ்சுகளை எடுத்துவந்த காடர் குலத்தவரே 2000-க்குப் பின் கூட்டுக் காவலராயினர். கூடுகளை அவர்கள் அறிந்த அளவு பிறர் அறியார்.

களப்பணியாளர் கூட்டைக் கண்டறிய மேலே நோக்குவதினும் கீழே நோக்குதல் நன்று. பெருமரத்தடியில் விதைகளும் முளைத்த நாற்றுகளும் குவிந்திருப்பின் மேலே பொந்து இருத்தல் கூடும். அங்கு நெடுநேரம் நிற்றலாகாது. மனிதரைக் கண்டால் ஆண் பறவை அருகே வரத் தயங்கும்.