பகுபடும் பேரெண்

திருவண்ணாமலையை வலம்வரும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. அப்பாதையில் திசைக்கு ஒன்றாக எட்டு இலிங்கங்கள் உள்ளன. மலையின் மேற்குப் புறத்தே அடி அண்ணாமலை என்னும் ஊரும் அதன் கோயிலும் விளங்குகின்றன. அவ்வூரினர் ஒருவர் 100 மலர்களுடன் வலம்வரப் புறப்படுகின்றார் எனக் கொள்வோம். எட்டு இலிங்கங்களுக்கும் ஒத்த அளவில் சாத்த முயன்றால், பன்னிரண்டு பன்னிரண்டாகச் சாத்தியபின் நான்கு மலர்கள் எஞ்சும். 48 மலர்களே கொண்டு சென்றிருப்பின், ஆறாறாகச் சாத்தி முடித்திருக்கலாம்; ஒன்றும் எஞ்சாது.

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண் அதன் வகுத்தி எனப்படும். 100-க்கு 1, 2, 4, 5, 10, 20, 25, 50, 100 என ஒன்பது வகுத்திகளே உண்டு. அதிற் பாதியும் இல்லாத 48-க்கோ 1, 2, 3, 4, 6, 8, 12, 16, 24, 48 எனப் பத்து உண்டு. 48-இனும் சிறிய எவ்வெண்ணுக்கும் பத்து வகுத்திகள் இல்லை. இவ்வாறு, தன்னிற் சிறிய எண்கள் ஒவ்வொன்றையும்விட மிகுதியான வகுத்திகளை உடைய எண்ணை ‘மிகு பகு எண்’ எனலாம். நம் முன்னோர் வகுத்த ஒரு மண்டலம் 48 நாள் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இத்தகைய எண்களை ஆழ்ந்து ஆராய்ந்தவர், 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன் ஆவார். 1914-இல் இங்கிலாந்து சென்ற அவர், அடுத்த ஆண்டே இவ்வாராய்ச்சியை வெளியிட்டார். அதற்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது. அவர் தொகுத்த 102 மிகு பகு எண்களுள் இறுதியானது 67,46,32,83,88,800 ஆகும்.

இப்பேரெண்ணின் அமைப்பைக் காண்போம். 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 ஆகியன இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியன ஒவ்வொரு முறையும் பெருக்கப்பட்டு இஃது உண்டாகின்றது. இடையில் எப்பகா எண்ணும் விடுபடவில்லை. சிறிய பகா எண்ணைவிடப் பெரியது மிகுதியான முறை வரவுமில்லை. மிகு பகு எண்கள் அனைத்திற்கும் இஃதே இலக்கணம்.

இதன் வகுத்திகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டுவதில்லை. ஒரு வகுத்தியை ஆக்குங்கால் 2-ஐ ஒருமுறையும் கொள்ளாது விடலாம். ஆறுமுறை வரை கொள்ளவும் செய்யலாம். ஆகவே வழிகள் ஏழு. அவ்வாறே 3-க்கு ஐந்து வழிகள். 5, 7 ஆகியவற்றுக்கு மும்மூன்று. எஞ்சிய ஐந்து எண்களுக்கும் இவ்விரண்டு. இவற்றைப் பெருக்க 7×5×3×3×2×2×2×2×2 = 10,080 வகுத்திகள் கிடைக்கும். 48 என்பது 2-ஐ நான்கு முறையும் 3-ஐ ஒருமுறையும் பெருக்கியது; எனவே 5×2 = 10. முறை ஒன்றே.

இனி ஒரு வியப்பு. அப்பேரெண்ணிலிருந்து 23-ஐ மட்டும் வகுத்து நீக்கினால் 2,93,31,86,25,600 வரும். அதன் வகுத்திகள் 5,040. அதுவும் மிகு பகு எண்ணே. ஆயினும் இராமானுசன் தொகுத்த பட்டியலில் அஃது இடம்பெறாது விடுபட்டது! கணிப்பொறி இல்லாத காலத்தில் கையாற் கணக்கிட்ட மேதையின் கண்ணுக்கும் ஓர் எண் தப்பியது. அதனால் அவர் கண்ட விதிகளுக்கு எக்குறையும் இல்லை. அவ்விதிகளைக் கொண்டே அவ்வெண்ணை நாமும் சோதிக்கலாம்.

மாணவர்களே! பெரியோர் கண்டதைப் போற்றுங்கள். போற்றியபின் நீங்களும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். விடுபட்டவை அவ்வாறே வெளிப்படும்.