250 வீடு, 27 கிலோ

சென்னை பழைய மாமல்லபுரம் சாலையோரம் ஒரு அடுக்ககத்தை மனத்தில் கட்டிப் பார்ப்போம். 250 வீடுகள், வீட்டுக்கு 4 பேர், மொத்தம் 1,000 பேர். வீட்டுக்கு 100 சதுர மீட்டர் வீதம் கட்டடப் பரப்பு 25,000 சதுர மீட்டர்.

2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரைத் தொட்டாலே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அதோடு 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 25-ஆம் பிரிவு: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கட்டத் தொடங்குமுன் ஓர் இசைவு, இயக்குமுன் இன்னோர் இசைவு.

இனி தண்ணீர்க் கணக்கு. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நடைமுறை அளவுகோல். குளிக்க, சமைக்க, துவைக்க 90, கழிவறைக்கு 45. ஆக நாளுக்கு 1,35,000 லிட்டர். அதில் 80 சதவீதம், அதாவது 1,08,000 லிட்டர், கழிவுநீராகத் திரும்புகிறது.

அந்தத் தண்ணீரில் உள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்ஸிஜன் தேவையோ, அதைத்தான் பிஓடி என்கிறார்கள். பொறியாளர்கள் ஆளுக்கு நாளொன்றுக்கு 27 கிராம் என்று கொள்கிறார்கள். ஆயிரம் பேருக்கு 27 கிலோ. லிட்டருக்கு 250 மில்லிகிராம். இதைச் சுத்திகரிக்காமல் ஏரியில் விட்டால், மீன் மூச்சுவிட வேண்டிய ஆக்ஸிஜனில் தினமும் 27 கிலோவை எடுத்துக்கொள்கிறோம்.

19,000 சதுர மீட்டரோடு கட்டடம் நின்றிருந்தால் அந்த அறிவிக்கையின் கீழ் அனுமதி தேவைப்பட்டிருக்காது. ஆனால் அந்த 190 வீடுகளின் அழுக்கும் நாளுக்கு 20.5 கிலோ. சதுர மீட்டரை வைத்துக் கோடு கிழித்ததே தவறு என்பது என் எண்ணம். ஏரிக்கு வந்து சேருவது கிலோதான்.

எவ்வளவு விடலாம்? 2017 அக்டோபரில் மத்திய அரசு வகுத்த அளவு, பெருநகரங்களில் லிட்டருக்கு 20 மில்லிகிராம், மற்ற ஊர்களில் 30. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை 10 ஆக இறுக்கச் சொன்னது. 10 என்றால் நம் அடுக்ககம் நாளுக்கு 1.08 கிலோ விடலாம். ஆண்டுக்கு 394 கிலோ. அடுக்ககத்தின் சுத்திகரிப்பு நிலையத்தை 15 நாள் நிறுத்திவிட்டால் வெளியேறுவது 405 கிலோ. ஓராண்டு முழுக்க ஒழுங்காக ஓட்டினால் எவ்வளவு விடுவோமோ, அதைவிட அதிகம் பதினைந்தே நாளில் போய்விடுகிறது. இசைவுக் கடிதம் கையில் இருக்கிறதா என்பதைவிட, நிலையத்தின் மோட்டார் எத்தனை நாள் ஓடியது என்று கேட்பதே முக்கியம்.

சுத்தமான தண்ணீர் எங்கே போகிறது? வண்டலோடும் ஆவியாகியும் 5,000 லிட்டர் குறையட்டும், மீதி 1,03,000. கழிவறைக்கு 45,000, தோட்டத்துக்கு 10,000 போனாலும் 48,000 லிட்டர் மிஞ்சும். பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் அது 12,000 லிட்டர் லாரியில் தினமும் நாலு நடை. ஆண்டுக்கு 1,460 நடை. அத்தனையும் எங்கே கொட்டப்படும் என்ற கேள்விக்கு வரைபட நிலையிலேயே பதில் வாங்கிவிட வேண்டும். 2022-இல் ராம்சர் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், சுமார் 1,247 ஹெக்டேர், இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

மழைநீர் சேகரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 5,000 சதுர மீட்டர் கூரை, ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் 80 சதவீதம் பிடித்தால் 56 லட்சம் லிட்டர். நாளுக்கு 90,000 லிட்டர் நன்னீர்த் தேவைக்கு 62 நாள் வரும். கழிவறைக்குச் சுத்திகரித்த நீரைத் திருப்பினால் மிச்சமாவது ஆண்டுக்கு 164 லட்சம் லிட்டர், ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் அதற்குத் தனிக் குழாய் வேண்டும். சுவர் எழும்பும்போது பதிக்காவிட்டால், பிறகு டைல்ஸை உடைத்துத்தான் பதிக்க வேண்டும்.

செலவுக்கு வருவோம். ஆயிரம் லிட்டரைச் சுத்திகரிக்க ஒரு யூனிட் மின்சாரம், யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 864 ரூபாய். வீட்டுக்கு மாதம் 104 ரூபாய்கூட ஆகாது. ஆள் கூலியும் பராமரிப்பும் தனி. விதிமீறலுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த சுற்றுச்சூழல் இழப்பீடு, குறைந்தபட்சமே நாளுக்கு 5,000 ரூபாய். ஓராண்டு நீடித்தால் 18,25,000.

வீடு வாங்குகிறவர்களும் குடியிருப்போர் சங்கமும் ஒன்று செய்யலாம். சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனி மின்மீட்டர் கேளுங்கள். இந்தக் கணக்குப்படி மாதம் 3,240 யூனிட் ஓடியிருக்க வேண்டும். வீடுகள் நிறைந்திருந்தும் மீட்டர் 1,600 காட்டினால், பாதி நாள் நிலையம் ஓடவில்லையா என்று அந்த மாதமே கேட்டுவிடலாம்.