கட்டுமானப் பணியிடப் பாதுகாப்பு: சட்டமும் வேலைவாய்ப்பும்

சாரத்திலிருந்து விழுவோருக்கு முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டால், வாழ்நாள் முழுவதும் பிறரின் பராமரிப்பு தேவைப்படலாம். 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டுமானத்திலிருந்த அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் உயிரிழந்தனர்.

சட்டம் கூறுவது என்ன?
2025 நவம்பர் 21 முதல் நடைமுறையிலுள்ள பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020-இன்படி, 250 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள கட்டுமானப் பணிகளில் பாதுகாப்பு அலுவலர் நியமிக்கப்பட வேண்டும்.

காயமுற்றால்
விபத்து பணியிடத்தில் நேர்ந்தது என்பதை மருத்துவரிடம் தெரிவித்து, சிகிச்சைக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். இழப்பீடு கோர அது உதவும்.

பாதுகாப்பு அலுவலராக
நொச்சிக்குப்பம் போன்ற பகுதிகளின் இளைஞர்கள், உரிய கல்வித்தகுதியும் பணி அனுபவமும் இருப்பின், தரமணியிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் தொழிலகப் பாதுகாப்பு மேல்நிலைப் பட்டயம் பயிலலாம். பாதுகாப்பு அலுவலரின் விழிப்புணர்வு பல குடும்பங்களைக் காக்கும்.