வைரஸின் சர்க்கரைப் போர்வை

பறவைக் காய்ச்சல் செய்தி டி.வி.யில் ஓடத் தொடங்கினால் பெங்களூர் ஈஜிபுரா கோழிக்கடைகளில் வியாபாரம் படுத்துவிடும். சாப்பிடுகிறவர்களுக்கு அந்தப் பயம் வேண்டாம். 70 டிகிரி சூடு கறியின் உள்வரை ஏறினால் வைரஸ் செத்துவிடும். என் கவலையெல்லாம் கோழி வெட்டுகிறவரைப் பற்றித்தான்.

2012 அக்டோபரில் இதே பெங்களூரில், ஹெசரகட்டா அரசுக் கோழிப்பண்ணையில் வான்கோழிகள் கூட்டமாகச் செத்தன. காரணம் எச்5என்1 என்று போபால் ஆய்வகம் உறுதிசெய்தது. 1996இல் சீனாவின் குவாங்டாங்கில் கண்டறியப்பட்ட வைரஸின் வம்சம் அது. ஆனால் அச்சு அசல் அல்ல. இந்த வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது.

பிழைகளில் பெரும்பாலானவை வைரஸுக்கே உதவாதவை. ஹீமக்ளூட்டினின் என்ற புரதத்தின் தலையில் விழும் சிலதான் முக்கியம். வைரஸ் நம் செல்லைப் பற்றுவது அந்தத் தலையால். ஆன்டிபாடிகள் அதை அடையாளம் காண்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

அந்தத் தலையில் 158ஆம் இடத்தில் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலம் இருந்தால் அதன்மேல் ஒரு சர்க்கரைச் சங்கிலி ஒட்டிக்கொள்ளும். போர்வைபோல மூடி ஆன்டிபாடியை அண்டவிடாது. அது ஒட்ட, இரண்டு இடம் தள்ளி 160இல் த்ரியோனினோ செரினோ இருந்தாக வேண்டும். அங்கே அலனின் வந்துவிட்டால் சர்க்கரை போய்விடும். மறைப்பு போனது வைரஸுக்கு நஷ்டம்தானே? முழுக்க அப்படியில்லை. மனித மூச்சுக்குழாய் செல்களைப் பற்றுவது அதனால் எளிதாகிறது. 2012இல் வெளியான ஆய்வுகளில், ராட்டர்டாமில் ரான் ஃபூஷியேவும் விஸ்கான்சினில் யோஷிஹிரோ கவாவோகாவும் எச்5 வைரஸைக் காற்றுவழி ஃபெரட் என்ற விலங்குகளிடையே பரவவைத்தபோது, இருவர் கண்ட மாற்றங்களிலும் இந்தச் சர்க்கரை இழப்பு இருந்தது. இன்னும் சில மாற்றங்களும் தேவைப்பட்டன. ஆனால் இந்த ஒன்று இயற்கையில் திரியும் பல எச்5என்1 வைரஸ்களில் ஏற்கனவே உண்டு. அதனால்தான், பறவை செத்த இடத்தில் ‘எச்5என்1’ என்று பெயர் சொல்வதோடு நிறுத்தாமல் மரபணு வரிசையையும் உடனே படிக்க வேண்டும் என்கிறேன்.

ஹீமக்ளூட்டினினின் தலை மாறினாலும் அதைத் தாங்கும் தண்டு அவ்வளவாக மாறாது. 1968க்கு முன் பிறந்தவர்களை எச்5என்1 கடுமையாகத் தாக்கியது குறைவு என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. சிறுவயதில் அவர்கள் சந்தித்த ஃப்ளூ வைரஸ்களின் தண்டு எச்5இன் தண்டை ஒத்தது. கடைகளில் கத்தி பிடிப்பவர்களோ பெரும்பாலும் இளைஞர்கள்.

நோய் பரவும் காலத்தில் அவர்களுக்குக் கண் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ, ‘கோழிக்கடையில் வேலை’ என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஓசல்டாமிவிர் மருந்தை இரண்டு நாளுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அது தாக்குவது நியூராமினிடேஸ் என்ற வேறொரு புரதத்தை. தலையில் சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும்.