நேரம் தப்பிய நாஸ் பெட்டி

நாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி, திரையும் கீபோர்டும் இல்லாத ஒரு முழுக் கணினி. போட்டோ ஸ்டுடியோ, ஆடிட்டர் அலுவலகம், மருத்துவமனையின் ஸ்கேன் அறை என எங்காவது ஒரு மூலையில், ரவுட்டருக்குப் பக்கத்தில் இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்க்குகளோடு இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அதனால் உள்ளே நடப்பதை அதுவே எழுதிவைக்க வேண்டும், ஏதாவது கெட்டுப்போனால் அதுவே சொல்லி அனுப்பவும் வேண்டும். இரண்டையும் ஒழுங்காகச் செய்ய, முதலில் அதற்கு மணி சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். புதுப் பெட்டியில் பாஸ்வேர்டு வைத்து, ஃபோல்டர்களைப் பகிர்ந்ததும் வேலை முடிந்ததாகவே பலரும் நினைக்கிறார்கள். நேரம், லாக், அலர்ட் ஆகிய மூன்று செட்டிங்ஸ் பக்கங்களும் பெரும்பாலும் திறக்கப்படாமலே கிடக்கின்றன.

பெட்டிக்குள் இருக்கும் கடிகாரம், மலிவான கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே வகை குவார்ட்ஸ் படிகம்தான். அது நொடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணை 15 முறை இரண்டால் வகுத்தால் 1 வரும் என்பதால், சாதாரணச் சுற்று ஒன்றே நொடியைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ஆனால் படிகம் வெப்பத்துக்கு ஏற்ப நடை மாறும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை என்பது இவ்வகைப் படிகங்களில் சகஜம். கேட்க அற்பமாகத் தோன்றினாலும், நாளுக்கு 1.7 நொடி, ஆண்டுக்குப் பத்து நிமிடம் என்று அது ஏறிவிடும். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓடவைப்பது ஒரு பட்டன் பேட்டரி. சில ஆண்டுகளில் அது தீர்ந்த பிறகு ஒருமுறை கரண்ட் போய் வந்தால், பெட்டி 1970-ஆம் ஆண்டிலோ தொழிற்சாலையில் வைத்த வேறேதோ தேதியிலோ கண்விழிக்கும்.

இதற்கு மருந்து என்டிபி எனப்படும் நேர ஒத்திசைவு முறை. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டேவிட் மில்ஸ் வகுத்தது இது. இதன் முதல் வரையறை 1985-இல் வெளியானது. சர்வரிடம் மணி கேட்டால், பதில் வந்து சேர்வதற்குள் அந்த மணி பழசாகிவிடுமே என்பதுதான் சிக்கல். மில்ஸின் முறை நான்கு நேரங்களைக் குறித்துக்கொள்கிறது. நாஸ் தன் கடிகாரப்படி 10:00:00.000-க்குக் கேள்வியை அனுப்புகிறது. சர்வர் தன் கடிகாரப்படி 10:00:03.020-க்கு அதைப் பெற்று, 10:00:03.021-க்குப் பதில் போடுகிறது. பதில் வந்தபோது நாஸின் கடிகாரம் காட்டுவது 10:00:00.041. போன வழியில் தெரியும் வித்தியாசம் 3.020 நொடி, வந்த வழியில் 2.980 நொடி. இரண்டின் சராசரி 3.000. ஆக, பெட்டி சரியாக மூன்று நொடி பின்தங்கியிருக்கிறது. போகவர ஆன 40 மில்லிநொடி கணக்கிலிருந்து தானாகவே கழிந்துவிட்டது. போகும் வழியும் வரும் வழியும் சம நேரம் எடுக்கின்றன என்ற அனுமானம் மட்டும் இதில் ஒளிந்திருக்கிறது.

சிறிய பிழையை என்டிபி மென்பொருள் கடிகாரத்தின் நடையை மெல்ல மாற்றிச் சரிசெய்யும். பிழை 128 மில்லிநொடியைத் தாண்டினால் ஒரே தாவலாகத் தாவும். 1,000 நொடியையும் தாண்டிவிட்டால், மில்ஸ் வழிவந்த மூல மென்பொருள் சந்தேகப்பட்டுத் திருத்தவே மறுத்து நின்றுவிடும். முதல்முறை கையால் ஏறக்குறையச் சரியான நேரத்தை வைப்பது இதனால்தான் நல்லது.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நேர மண்டலம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: மண்டலத்தைப் பொது நேரத்திலேயே விட்டுவிட்டு, சுவர்க் கடிகாரத்தோடு பொருந்தும்வரை மணியை மட்டும் திருகிவைப்பது. பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் கணினி உள்ளுக்குள் எண்ணுவது பொது நேரத்தை. அது ஐந்தரை மணி நேரம் தப்பியிருக்கும்.

தப்பினால் என்ன ஆகும்? அலுவலகக் கணினிகளில் பயனர் கணக்குகளைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை, வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே விடாது. ஆத்தன்டிகேட்டர் செயலி தரும் ஆறு இலக்க எண் 30 நொடிக்கு ஒருமுறை மாறுவதால், அதுவும் பொருந்தாது. 30 நாளுக்கு மேற்பட்ட ஸ்னாப்ஷாட்டுகளை அழிக்கச் சொல்லியிருந்தால், கடிகாரம் ஒரு வருடம் முன்னால் குதித்ததும் நேற்றைய பிரதியும் பழையதாகத் தெரியும். எல்லாவற்றையும் விட மோசம், பாதுகாப்புச் சான்றிதழின் காலம் பொருந்தாமல் மின்னஞ்சல் சர்வருடனான இணைப்பே அறுந்துபோவது. கடிகாரம் கெட்டதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல், கடிகாரம் கெட்டதாலேயே போகாது.

லாக் எழுதும் சிஸ்லாக் முறை, 1980-களில் எரிக் ஆல்மன் தம் சென்ட்மெயில் மென்பொருளுக்காக உருவாக்கியது. ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை கடுமை எண் உண்டு. 0 என்றால் கணினியே பயன்படாத நிலை, 7 என்றால் நிரல் எழுதுபவருக்கு மட்டும் தேவையான விவரம். பழைய சிஸ்லாக் வடிவத்தில் மாதம், நாள், மணி உண்டு. ஆண்டும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. ஒரு வருடம் கழித்து விசாரிக்க வந்தவர் பாடு திண்டாட்டம்தான். 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5424 என்ற வரையறை இரண்டையும் சேர்த்தது. பெட்டியில் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் அதையே எடுக்க வேண்டும்.

லாக்கின் ஒரு பிரதி வேறொரு கணினிக்குப் போவது அவசியம். டிஸ்க் செத்தால் அதிலிருக்கும் லாக்கும் சேர்ந்து சாகும். உள்ளே நுழைந்த திருடன் முதலில் கைவைப்பதும் லாக்கில்தான். 1986-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபோர்டு ஸ்டோல், கணினிப் பயன்பாட்டுக் கட்டணக் கணக்கில் 75 சென்ட் உதைத்ததைத் துப்புப் பிடித்து ஓர் ஊடுருவலைக் கண்டுபிடித்தார். அவர் நம்பியது தொலைபேசி இணைப்புகளில் மாட்டிய பிரிண்டர்களை. காகிதத்தில் விழுந்ததை ஊடுருவியவரால் அழிக்க முடியவில்லை. இன்று அந்தக் காகிதத்தின் இடத்தில் இருப்பது வெளி சிஸ்லாக் சர்வர். அனுப்பும்போது, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத யூடிபி முறையைத் தேர்ந்தெடுத்தால் வழியில் தொலைந்த செய்தி தொலைந்ததுதான். டிசிபி, அதிலும் குறியாக்கம் செய்த டிஎல்எஸ், பாதுகாப்பானது. எவ்வளவு காலம் வைத்திருப்பது? இந்தியாவில் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த ஆணை நிறுவனங்களுக்கு 180 நாள் என்கிறது. கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றிலிருந்து நேரம் பெறுபவற்றோடு, ஒத்திசைக்கவும் அதே ஆணை சொல்கிறது.

அலர்ட் விஷயத்தில் குறைவாகக் கேட்பதே புத்திசாலித்தனம். ஒவ்வொரு பேக்கப் முடிந்ததும் மின்னஞ்சல் வந்தால், பத்தாம் நாள் அது படிக்காமலே அழிக்கப்படும். புலி வருகிறது கதைதான். பல டிஸ்க்குகளைச் சேர்த்துத் தரவைக் காக்கும் ரெய்டு 5 அமைப்பில் ஒரு டிஸ்க் விழுந்ததும் தரவு அப்படியே இருக்கும், ஆனால் அடுத்த டிஸ்க் விழுந்தால் மொத்தமும் போய்விடும். இந்த இடைவெளியில் வரும் செய்தி மட்டும் போனை அலறவைக்க வேண்டும். பெட்டியின் வெப்பம், இடம் நிரம்புவது, தொடர்ந்து தவறும் லாகின் முயற்சிகள் ஆகியவற்றுக்கு மின்னஞ்சல் போதும்.

டிஸ்க் தன் நலத்தைத் தானே கவனித்துச் சொல்லும் ஸ்மார்ட் எண்களுக்கும் அலர்ட் வைக்கலாம். கூகுள் தன் டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, தன் பரப்பைச் சோதிக்கையில் முதல் ஸ்கேன் பிழை தோன்றிய டிஸ்க், பிழையில்லாததைவிட அடுத்த 60 நாளில் செத்துப்போக 39 மடங்கு வாய்ப்பு அதிகம். அதே ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயின. எண் ஏறினால் டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான். ஏறவில்லை என்பதற்காக பேக்கப்பைத் தள்ளிப்போட முடியாது.

அமைத்து முடித்ததும் சோதனை மின்னஞ்சல் அனுப்பும் பொத்தானை அழுத்திப் பார்ப்பது எல்லோரும் செய்வது. ஆறு மாதம் கழித்து யாராவது மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றினால், அலர்ட் சத்தமில்லாமல் நின்றுவிடும். மின்சாரம் போய் யூபிஎஸ்ஸும் தீர்ந்துவிட்டால் பெட்டிக்கு வாயே இருக்காது. ஆகவே கடைசியாக ஓர் ஏற்பாடு தேவை: நாஸ் தினமும் வெளியிலுள்ள ஒரு கண்காணிப்புச் சேவைக்கு ‘இருக்கிறேன்’ என்று ஒரு குறிப்பு அனுப்பும், குறித்த நேரத்தில் அது வராவிட்டால் எச்சரிக்கையை எழுப்புவது அந்தச் சேவையின் பொறுப்பு.