கை தூக்க முடியவில்லையா? முதலில் உறையைப் பாருங்கள்

நாற்பதைத் தாண்டிய ஒருவர் தோள்வலியோடு வந்தால், கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்று சீட்டில் எழுதிவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அவர்களில் பலருக்கு இருப்பது தசைநார்க் கோளாறு. சிலருக்குக் கழுத்திலிருந்து இறங்கும் வலி. உண்மையான உறைதோள் இவற்றிலிருந்து தனித்து நிற்கும் நோய். அதைப் பிரித்தறிய விலையுயர்ந்த ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது. உடற்கூறு தெரிந்த கை போதும். பிசியோதெரபி மாணவர்கள் முதலில் கற்க வேண்டிய மூட்டு இதுதான் என்பேன்.

தாராளமான மூட்டு

சின்னத் தட்டில் நிறுத்திய பெரிய எலுமிச்சம்பழம் போன்றது தோள்மூட்டு. மேற்கை எலும்பின் தலை பெரியது. அது உட்காரும் கிளினாய்டு குழியோ ஆழமற்றது. குழியின் விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் என்ற குருத்தெலும்பு வளையம் அதைக் கொஞ்சம் ஆழமாக்குகிறது. ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகளான சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரிஸ் மைனர், சப்ஸ்கேப்புலாரிஸ் ஆகியவை எலும்புத் தலையைக் குழியோடு அணைத்துப் பிடிக்கின்றன.

எல்லாவற்றையும் மூடியிருக்கும் மூட்டு உறை தளர்வானது. கையைத் தொங்கவிட்டால் அதன் அடிப்பகுதி அக்குளில் மடிந்து கிடக்கும். கையை உயர்த்தும்போது அந்த மடிப்பு விரிந்து இடம் கொடுக்கும். கையைத் தலைக்கு மேல் 180 பாகை உயர்த்துவதில் ஏறக்குறைய 120 பாகை இந்த மூட்டுக்கும், 60 பாகை தோள்பட்டை எலும்பின் சுழற்சிக்கும் உரியது.

உறை சுருங்கினால்

உறைதோளில் இந்த உறை வீங்கி, தடித்து, சுருங்குகிறது. முன்புறம் மேலே உள்ள கொரகோஹியூமரல் இணைப்புநார் இறுகுகிறது. அக்குள் மடிப்பு காணாமல் போகிறது. ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்ற பெயரை 1934இல் கொடுத்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் கோட்மன். உறை எலும்போடு ஒட்டிக்கொள்கிறது என்று கருதிய மருத்துவர் நெவியாசர் 1945இல் அந்த ஒட்டுதலைக் குறிக்கும் வேறு பெயர் வைத்தார். ஆனால் ஒட்டுவதைவிடச் சுருங்குவதே பெரிதாக நடக்கிறது என்பது பின்னாளில் தெரியவந்தது.

பெண்களுக்கு ரவிக்கையின் பின்கொக்கி எட்டாது. ஆண்கள் பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுக்கத் திணறுவார்கள். வலிக்கும் பக்கம் சாய்ந்து படுக்கவே முடியாது. இரவில் தூக்கம் போய்விடும்.

ஒரே ஒரு அசைவு

நோயாளியின் முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 பாகை மடக்கச் சொல்லுங்கள். அவர் தசைக்கு வேலை கொடுக்காமல், நீங்களே முன்கையை வெளிப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். உறைதோள் என்றால் சில பாகைகளிலேயே நின்றுவிடும். கஃப் தசைநார் மட்டும் கிழிந்தவருக்குத் தன் பலத்தில் கை நகராது. நீங்கள் திருப்பினால் பெரும்பாலும் நகரும். இந்த வேறுபாட்டை விரல்களால் உணராத மாணவர் எத்தனை கருவி இயக்கக் கற்றும் பயனில்லை.

எக்ஸ்ரே ஒன்று மட்டும் எடுங்கள். மூட்டுத் தேய்மானத்திலும் இதே அசைவு அடைபடும். வலிப்போ மின்தாக்கோ வந்த பிறகு தோள் பின்பக்கம் விலகியிருந்தாலும் அப்படியே. இந்த விலகல் சாதாரணமாகக் கண்ணில் படாது.

இழுத்தால் இளகாது

வலி ஓங்கும் கட்டம், விறைப்புக் கட்டம், இளகும் கட்டம் என மூன்று கட்டங்கள் உண்டு. மொத்தம் ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வரை ஆகலாம். சிலருக்குச் சிறிது விறைப்பு தங்கியும் விடும்.

முதல் கட்டத்தில் முரட்டுத்தனமாக நீட்டுவதுதான் பெரிய தவறு. ‘வலித்தால்தான் சரியாகும்’ என்று பல்லைக் கடிக்கச் சொல்லும் சிகிச்சையாளர்களும், சுளுக்கு எடுக்கிறேன் என்று சுண்டி இழுப்பவர்களும் இதில் ஒரே கட்சி. 2004இல் வெளியான டச்சு ஆய்வொன்று 77 நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. வலி எல்லைக்குள் மென்மையாக அசைத்தவர்களில் 89 சதவீதத்தினர் இரண்டாண்டில் ஏறக்குறைய இயல்பான தோளைப் பெற்றார்கள்; வலியை மீறித் தீவிரமாக நீட்டியவர்களில் 63 சதவீதத்தினர்தான். ஆகவே ஆரம்பத்தில் ஊசலாட்டப் பயிற்சி, சூடு, தேவைப்பட்டால் மருத்துவர் போடும் ஸ்டீராய்டு ஊசி. வலி தணிந்து விறைப்பு மட்டும் நிற்கும்போது நீட்டிப்பைக் கூட்டலாம்.

2020இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு, 503 பேரிடம் ஸ்டீராய்டு ஊசியோடு கூடிய பிசியோதெரபியையும், மயக்கமருந்து கொடுத்துக் கையை அசைத்துவிடுவதையும், ஆர்த்ரோஸ்கோப்பி அறுவையையும் ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் எதுவும் மற்றவற்றைப் பெரிதாக விஞ்சவில்லை. அறுவைக்கு அவசரப்படுவோர் இதைக் கவனிக்கட்டும்.

சர்க்கரையைக் கேளுங்கள்

நீரிழிவு உள்ளவர்களுக்கு உறைதோள் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். குணமாகவும் கூடுதல் காலம் பிடிக்கும். தைராய்டு கோளாறும் இதோடு சேர்ந்து வருவதுண்டு. ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தோள் இறுகி வருபவரிடம் “கடைசியாகச் சர்க்கரை எப்போது பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். பார்த்ததே இல்லை என்றால், பயிற்சியைத் தொடங்கும்போதே ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பிவையுங்கள்.