நடுத்தர வீடுகளுக்கான மையக் குளிரூட்டல்

மையக் குளிரூட்டல் என்பது, ஒரு வீட்டின் பல அறைகளை ஒரே வெளியலகின் துணையுடன் குளிர்விக்கும் முறை ஆகும். அறைக்கு ஒன்றாகப் பொருத்தப்படும் சாளர வகைக் குளிரூட்டி, பிளவு வகைக் குளிரூட்டி ஆகியவற்றிலிருந்து இது வேறுபட்டது. அலுவலகங்கள், திரையரங்குகள், மருத்துவமனைகள் ஆகியவற்றில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் இம்முறை, இந்திய நகரங்களில் 1,000 முதல் 1,500 சதுர அடி வரையான வீடுகளுக்கும் வந்துள்ளது. எனினும் செலவைக் குறைக்க விரும்பும் குடும்பத்துக்கு இது எப்போதும் ஏற்றது அன்று. வீடு அமைந்துள்ள ஊரின் தட்பவெப்பம், மின்கட்டண அமைப்பு, வீட்டார் அறைகளைப் பயன்படுத்தும் வழக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தே இதைத் தீர்மானிக்கின்றன. இக்கட்டுரை சென்னையின் கிண்டியையும் அதனை அடுத்துள்ள சைதாப்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், வேளச்சேரி ஆகிய பகுதிகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை விளக்குகின்றது.

டன் என்னும் அளவு

குளிரூட்டியின் திறன் டன் என்னும் அலகால் குறிக்கப்படுகின்றது. இது கருவியின் எடையைக் குறிப்பதாகப் பலர் தவறாக எண்ணுவதுண்டு. ஒரு குறு டன், அதாவது 2,000 பவுண்டு (ஏறத்தாழ 907 கிலோகிராம்) பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவு வெப்பத்தை அதே நேரத்தில் நீக்கும் திறனே ஒரு டன் ஆகும். இது மணிக்கு 12,000 பி.டி.யு. அல்லது 3.517 கிலோவாட்டுக்குச் சமம்.

பனிக்கட்டியால் குளிர்ச்சியை அளக்கும் இவ்வழக்கம் சென்னைக்கு அந்நியமானது அன்று. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநில ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டிகளைக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிய பிரெடெரிக் டியூடர் என்பவரின் நிறுவனம், அவற்றைச் சேமித்து வைக்க 1842இல் மெரினா கடற்கரையை ஒட்டி ஒரு கட்டடத்தை எழுப்பியது. ஐஸ் ஹவுஸ் என அழைக்கப்பட்ட அக்கட்டடம், 1897இல் விவேகானந்தர் தங்கியதன் நினைவாக இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படுகின்றது. இயந்திரங்கள் கொண்டு உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யும் முறை வந்தபின் அவ்வணிகம் நலிந்தது. டன் என்னும் அலகு மட்டும் நிலைத்தது.

தட்பவெப்பமும் ஈரப்பதனும்

சென்னையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை வெப்பம் மிகுதி. நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் 2003 மே 31 அன்று 45.0 °செ பதிவானது. வழக்கமான நாட்களில் நண்பகலுக்குப் பின் கடற்காற்று புகுந்து வெப்பத்தைத் தணிக்கும். கடற்காற்று தாமதமாகும் நாட்களிலேயே வெப்பம் உச்சம் தொடுகின்றது. கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே அமைந்த கிண்டிக்குக் கடற்காற்று மயிலாப்பூரைக் காட்டிலும் சற்றுப் பிந்தியே வந்து சேரும்.

வெப்பத்தைக் காட்டிலும் துன்பம் தருவது ஈரப்பதன். குளிரூட்டி இரண்டு வேலைகளைச் செய்கின்றது. ஒன்று காற்றின் வெப்பநிலையைக் குறைத்தல். மற்றொன்று காற்றிலுள்ள நீராவியைக் குளிர்ந்த சுருளின் மேல் நீராகப் படியச் செய்து வெளியேற்றுதல். டெல்லியின் மே மாத வறண்ட காற்றில் முதல் வேலையே பெரும்பங்கு. சென்னையில் இரண்டாவது வேலையும் கணிசமானது. ஈரத்துணி அல்லது நார்த்தட்டியின் வழியே காற்றைச் செலுத்தும் ஏர் கூலர்கள் வட இந்தியாவில் நன்கு பயன்பட்டும் இங்கே பயன் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில் நீர் எளிதில் ஆவியாவதில்லை.

இதிலிருந்து பெறப்படும் முக்கியமான முடிவு, தேவைக்கு மேல் பெரிய கருவியை வாங்கக்கூடாது என்பதாகும். ஒரே வேகத்தில் இயங்கும் பெரிய கருவி அறையைச் சில நிமிடங்களில் குறித்த வெப்பநிலைக்குக் கொண்டுவந்து நின்றுவிடும். நீராவியைப் போதிய அளவு நீக்க அதற்கு நேரம் இருப்பதில்லை. அறை குளிர்ந்தும் உடல் பிசுபிசுக்கும். வீட்டார் வெப்பநிலையை மேலும் குறைத்து வைப்பர், மின்செலவு கூடும். இருக்கட்டும் என்று அரை டன் கூட்டி வாங்கும் பழக்கம் வடிவமைப்பு நோக்கில் ஒரு பிழையே ஆகும்.

வெப்பச்சுமைக் கணக்கீடு

கடைகளில் 120 சதுர அடிக்கு ஒரு டன், 180 சதுர அடி வரை ஒன்றரை டன் என்னும் வாய்பாடு வழங்குகின்றது. இது தொடக்க மதிப்பீட்டுக்கு மட்டுமே உதவும். ஒரே அளவுள்ள இரண்டு அறைகளின் வெப்பச்சுமை பெரிதும் வேறுபடலாம். மேற்குச் சுவரும் மேற்குச் சாளரமும் உடைய அறை பிற்பகல் வெயில் முழுவதையும் வாங்கும். மேல்தள வீட்டின் காங்கிரீட் கூரை பகலெல்லாம் வெப்பத்தைச் சேமித்து, வீட்டார் உறங்கச் செல்லும் நேரத்தில் அதை அறைக்குள் விடும். 12 அடிக்கு 12 அடி அறையின் மேல் காப்பற்ற கூரை இருந்தால் அது மட்டுமே ஏறத்தாழ கால் டன் சுமையைக் கூட்டக்கூடும்.

ஆகவே குளிரூட்டி வாங்குமுன் கூரையைக் கவனித்தல் மலிவான வழி. பழைய சென்னை வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் கூரை, தேக்கு உத்திரங்களின் மேல் செங்கற்களைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை இட்டு அமைக்கப்பட்டது. தடித்த அக்கூரை வெப்பத்தை மெல்லவே கடத்தியது. இன்றைய காங்கிரீட் தளத்தின் மேல் தட்டோடு பதித்தல், வெள்ளைச் சுண்ணாம்பு அல்லது வெயிலைத் திருப்பும் பூச்சு அடித்தல், மேற்குச் சாளரத்துக்கு வெளிப்புறம் மறைப்பு இடுதல் ஆகியவை செய்தபின் கணக்கிட்டால் தேவைப்படும் திறன் குறைவதைக் காணலாம். உள்ளே தொங்கும் திரையைக் காட்டிலும் வெளியே கட்டிய மூங்கில் தட்டி பயன்மிக்கது. வெப்பம் கண்ணாடியைக் கடக்குமுன்பே தடுக்கப்படுகின்றது.

வகைகள்

வீடுகளில் மையக் குளிரூட்டல் இரண்டு வடிவங்களில் அமைக்கப்படுகின்றது. முதலாவது காற்றுக்குழாய் முறை. இதில் பொய்க்கூரைக்கு மேல் ஒரு பெரிய உள்ளலகு இருக்கும். அது குளிர்வித்த காற்று, வெப்பக்காப்பு இடப்பட்ட தகரக் குழாய்களின் வழியே எல்லா அறைகளுக்கும் செல்லும். தோற்றம் நேர்த்தியானது. ஆனால் பத்தடி உயரமே உள்ள அடுக்குமாடி வீட்டில் குழாய்களுக்கு ஓரடிக்கு மேல் உயரத்தை இழக்க நேரும். வெப்பநிலை அறிகருவி ஒன்றே இருப்பின் ஓர் அறைக்காக வீடு முழுவதையும் குளிர்விக்க வேண்டிவரும்.

இரண்டாவது குளிர்பொருள் குழாய் முறை. ஒரு வெளியலகிலிருந்து மெல்லிய செப்புக் குழாய்கள் அறைதோறும் உள்ள தனி உள்ளலகுகளுக்குச் செல்லும். அறைக்கு அறை வெப்பநிலையை மாற்றலாம். வேண்டாத அறையை நிறுத்தலாம். நிறுத்திய அறைகளுக்கு ஏற்பக் கம்ப்ரசர் எனப்படும் அமுக்கி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜப்பானின் டைக்கின் நிறுவனம் 1982இல் இத்தகைய முறையை அறிமுகப்படுத்தி வி.ஆர்.வி. என்று பெயரிட்டது. அது வணிகப்பெயர் ஆதலால் பிற நிறுவனங்கள் வி.ஆர்.எஃப். என்கின்றன. மூன்று நான்கு உள்ளலகுகளை மட்டும் தாங்கும் சிறிய வடிவம் மல்டி ஸ்பிளிட் எனப்படும். நடுத்தர வீட்டுக்குப் பொருந்துவது பெரும்பாலும் இதுவே.

இம்முறையின் வலிமை, எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் இயங்குவதில்லை என்னும் உண்மையில் உள்ளது. 120 சதுர அடியில் மூன்று படுக்கையறைகளும் 300 சதுர அடியில் ஒரு கூடமும் உள்ள வீட்டில் தனித்தனிக் கருவிகள் வைத்தால் மொத்தம் ஐந்து டன் ஆகும். பகலில் கூடம், இரவில் படுக்கையறைகள் என்று மாறிமாறிப் பயன்படுத்தும் குடும்பத்துக்கு மூன்று முதல் மூன்றரை டன் வெளியலகு போதும். வெளியலகு வைக்கச் சிறிய பால்கனி மட்டுமே உள்ள வீடுகளுக்கும் இது வசதி. மறுபுறம், அந்த ஒரு வெளியலகு பழுதானால் வீடு முழுவதும் குளிர்ச்சி இன்றிப் போகும். மே மாதத்தில் உதிரிப்பாகத்துக்குக் காத்திருப்பது முதியோரும் குழந்தைகளும் உள்ள வீட்டில் சிறு செய்தி அன்று.

மின்கட்டணம்

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரு மாதங்களுக்கு ஒருமுறை, பயன்பாடு கூடக்கூட அலகு விலையும் கூடும் படிநிலை முறையில் கணக்கிடப்படுகின்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விலைகளின்படி, அரசு மானியம் கழித்து, 500 அலகைத் தாண்டியவர்கள் முதல் 100 அலகு நீங்கலாக 400 வரை 4.70 ரூபாயும், 500 வரை 6.30 ரூபாயும், 600 வரை 8.40 ரூபாயும், 800 வரை 9.45 ரூபாயும், 1,000 வரை 10.50 ரூபாயும், அதற்கு மேல் 11.55 ரூபாயும் செலுத்தினர். 500க்குள் நிற்பவர்களுக்கு 101 முதல் 200 வரையான அலகுகள் பாதி விலையில் கிடைத்தன. எனவே 500இலிருந்து 501க்குச் செல்லும் அந்த ஓர் அலகு ஏறத்தாழ 240 ரூபாய் கூடுதல் சுமையைக் கொண்டுவந்தது.

குளிரூட்டி இல்லாமல் இரு மாதத்துக்கு 300 அலகு செலவிடும் ஒரு வீட்டைக் கொள்வோம். ஒரு படுக்கையறையில் ஒரு டன் இன்வெர்ட்டர் கருவி இரவில் எட்டு மணி நேரம், சராசரியாக மணிக்கு அரை அலகு வீதம் இயங்கினால் 60 நாட்களில் 240 அலகு சேரும். மொத்தம் 540 அலகு. கட்டணம் ஏறத்தாழ 2,400 ரூபாய். அதே வீட்டில் காற்றுக்குழாய் முறையில் அமைந்த மூன்று டன் கருவி எல்லா அறைகளையும் அதே எட்டு மணி நேரம் குளிர்வித்து மணிக்கு 1.8 அலகு எடுத்தால் 864 அலகு கூடும். மொத்தம் 1,164 அலகு. கட்டணம் சுமார் 8,800 ரூபாய். அலகுகள் இரு மடங்கைச் சற்றே தாண்ட, கட்டணம் மூன்றரை மடங்குக்கு மேல் உயர்கின்றது. சென்னையின் பல நடுத்தரக் குடும்பங்கள் கோடையில் ஒரே அறையில் பாய் விரித்து உறங்குவதன் பொருளியல் இதுவே. அவ்வழக்கம் உள்ள வீட்டுக்கு மையக் குளிரூட்டல் சிக்கனமாக இருக்க வழியில்லை.

திறன் முத்திரை

எரிசக்தித் திறன் பணியகம் வழங்கும் நட்சத்திர முத்திரை 2006இல் தொடங்கப்பட்டு, 2010 முதல் அறைக் குளிரூட்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. 2018 முதல் ஐ.எஸ்.ஈ.ஈ.ஆர். எனப்படும் பருவகாலத் திறன் விகிதம் அதன் அடிப்படையாக உள்ளது. ஆண்டுக்கு 1,600 மணி நேரப் பயன்பாட்டைக் கொண்டு இது கணிக்கப்படுகின்றது. தரவரம்புகள் அவ்வப்போது உயர்த்தப்படுவதால், பழைய இருப்பிலுள்ள ஐந்து நட்சத்திரக் கருவி புதிய அட்டவணையில் நான்காகவோ மூன்றாகவோ இருக்கலாம். ஆதலால் நட்சத்திரங்களை எண்ணுவதைவிட விகிதத்தை ஒப்பிடுதல் நன்று. விகிதம் 4.0 உள்ள கருவி ஆண்டுக்கு 1,000 அலகு எடுக்குமானால், 5.0 உள்ளது அதே குளிர்ச்சிக்கு 800 அலகே எடுக்கும். 200 அலகு மிச்சம். உயர்படியில் உள்ள வீட்டுக்கு அது ஆண்டுக்கு 1,800 ரூபாயை ஒட்டி வரும். விலை வேறுபாட்டை இத்தொகையால் வகுத்தால் எத்தனை ஆண்டுகளில் ஈடாகும் என்பது தெரியும்.

2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற கருவிகள் இயல்பாக 24 °செ நிலையில் தொடங்குமாறு அமைக்கப்படுகின்றன. மின்விசிறியை மெல்லச் சுழலவிட்டு 26 °செ வைத்தாலும் பெரும்பாலோருக்கு வசதியாகவே இருக்கும். குளிரூட்டி ஓடும்போது விசிறி கூடாது என்ற எண்ணம் தவறானது. அரசு 2025 செப்டம்பர் 22 முதல் குளிரூட்டிகள் மீதான சரக்கு மற்றும் சேவை வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைத்தது.

குளிர்பொருள்

பழைய கருவிகளில் இருந்த ஆர்-22 ஓசோன் படலத்தைச் சிதைப்பது. 1987ஆம் ஆண்டின் மொன்றியல் நெறிமுறையின் கீழ் அது படிப்படியாக விலக்கப்படுகின்றது. அடுத்து வந்த ஆர்-410ஏ ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆயினும் கரிமவாயுவைப் போல 2,088 மடங்கு புவியை வெப்பமாக்கக்கூடியது. ஆர்-32க்கு இம்மதிப்பு 675. பழைய ஆர்-22 கருவியைக் குறைந்த விலைக்கு வாங்குவோர் பின்னர் வாயு நிரப்புவதற்கே தொல்லைப்படுவர்.

வெளியலகின் இடம்

கிண்டிப் பகுதியில் இது தனிக் கவனம் வேண்டுவது. 2015 டிசம்பர் 1, 2 ஆகிய நாட்களில் அடையாற்றில் பெருக்கெடுத்த வெள்ளம் சைதாப்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், கோட்டூர்புரம் ஆகிய இடங்களில் தரைத்தள வீடுகளை மூழ்கடித்தது. தரையில் அமர்த்திய வெளியலகு அத்தகைய வெள்ளத்தில் முற்றிலும் பாழாகும். வீடு முழுவதும் ஒரே வெளியலகை நம்பியிருப்பின் இழப்பும் முழுமையானது. முதல் மாடி மட்டத்திலோ மொட்டைமாடியிலோ அமைப்பது பாதுகாப்பு. மொட்டைமாடியில் வைப்பதாயின் குழாயின் நீளம் கூடுவதால் திறன் சற்றுக் குறையும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கடலின் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரிக்கின்றது. கழிவுநீர் தேங்கும் ஆறு, கால்வாய் ஆகியவற்றின் அருகில் எழும் ஐதரசன் சல்பைடு வாயு செப்புச் சுருளைத் துளைக்கின்றது. அடையாற்றங்கரை வீடுகளில் ஓரிரு ஆண்டுகளிலேயே வாயுக்கசிவு நேர்ந்தால் இதையும் ஐயுற வேண்டும். பாதுகாப்புப் பூச்சு உள்ள சுருளைக் கேட்டு வாங்குவதும், சுருளுக்கான உத்தரவாதக் காலத்தை எழுத்தில் பெறுவதும் பயன்தரும்.

வெளியலகைப் பராமரிக்க வரும் தொழிலாளர் கால் ஊன்றி நிற்க இடம் இருக்க வேண்டும். மூன்றாம் மாடிச் சுவரில் இரும்புச் சட்டம் அடித்துத் தொங்கவிட்டபின், சாளர நிழற்பலகையில் நின்று ஒருவர் அதைக் கழுவ வேண்டியிருப்பது உயிருக்கு ஆபத்தானது. பால்கனிக்குள்ளிருந்தே கை எட்டும் இடம் சற்று அழகு குறைந்தாலும் தேர்வுக்குரியது.

உள்ளலகிலிருந்து வடியும் நீரின் குழாய்க்குத் தொடர்ந்த சரிவு வேண்டும். பொய்க்கூரைக்குள் சரிவு தவறினால் ஈரக்கறை தோன்றும் வரை அது தெரியவராது. சென்னையின் ஈரக்காற்றில் ஒன்றரை டன் கருவி மணிக்கு ஓரிரு லிட்டர் நீரை வெளியேற்றக்கூடும். இது குடிப்பதற்கு உரியது அன்று. செடிகளுக்கு ஊற்றவும் தரை துடைக்கவும் பல வீடுகளில் வாளி வைத்துப் பிடிக்கப்படுகின்றது.